ஓட்டுநருடன் கூடிய இருக்கை

தொப்பூர் கணவாயில் குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்ந்த லாரியை, இனி இது வண்டியே இல்லை என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த பிறகு, ஏலத்தில் எடுத்த பொன்னுரங்கம் கிரேன் வைத்து இழுத்துவந்து, நாமக்கல் புறவழிச் சாலைக்குத் தெற்கே உடைப்புத் தெருவில் இருக்கும் தன் கொட்டகையில் இறக்கியபோது, அதன் ஓட்டுநர் செங்கோடன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் இருக்கையில் உட்கார்ந்துதான் இருந்தான். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. உடைக்க வரும் வண்டிக்குள் ஏதாவது இருக்கத்தான் செய்யும். பாதி எரிந்த ஊதுபத்தி, ஒற்றைச் செருப்பு, சாமி படம், ஒருமுறை கூண்டோடு உயிருள்ள கோழிகள். விபத்தன்று வந்த ஏட்டு, எல்லா விபத்துக்கும் எழுதுவதுபோல “ஓட்டுநர் தப்பியோட்டம்” என்று எழுதி, எழுதியது சரிதானா என்று செங்கோடனிடமே படித்துக் காட்டி, சாட்சி என்ற இடத்தில் அவனிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

பொன்னுரங்கம் ஈரமுள்ள மனிதர். ஆகவே உடைக்கும் முன்பு அவனை இறக்கப் பார்த்தார். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள், கேபின் முழுவதும் கூடவே ஆடியதே தவிர அவன் பிரிந்து வரவில்லை. வெல்டிங்காரர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்.

“ஜாயின்டே இல்லீங்க. தொடை எங்க முடியுது, ரெக்ஸின் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. ஒரே வார்ப்பு.”

“வலிக்குதாப்பா?” என்றார் பொன்னுரங்கம்.

“இல்லீங்கண்ணா. ஆயில் கொஞ்சம் கசியுதாட்ட இருக்குது, நெஞ்சுல கரிக்குது. ஒரு டீ சொன்னீங்கன்னாத் தேவலை.”

அன்றிலிருந்து டீக்கடையில் பொன்னுரங்கத்தின் கொட்டகைக்கு ஒரு டீ கூட்டிக் கொடுத்தார்கள், அந்த அளவில் விஷயம் முடிந்தது. ஓட்டுநர் சங்கத்திலிருந்து சந்தா கேட்டு ஒருவர் வந்து, ஓடாத வண்டியின் ஓட்டுநர் ஓட்டுநர்தானா என்று நெடுநேரம் வாதாடிவிட்டு, தானே தோற்றுத் திரும்பினார். கோயில் கமிட்டிக்காரர்கள் கேபினில் ஒரு மணி கட்டி உண்டியல் வைக்கலாம் என்று வந்தார்கள், செங்கோடன் அவர்களிடமே பீடி கேட்டதால் யோசனையைக் கைவிட்டார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் தாங்கள் வாங்கிப் போட்டிருந்த சிதைந்த வண்டிகளின் கேபின்களையெல்லாம் ஒருமுறை துழாவிப் பார்த்தார்கள்; அவற்றில் யாரும் இல்லாததால் ஒருவர் தன் சித்தப்பாவை டிப்பர் ஒன்றில் உட்காரவைத்துப் படமெடுத்து ஏலத்தில் போட்டார், ஆனால் சித்தப்பா சிறுநீர் கழிக்க இறங்கிவிட்டதால் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. ஆடிட்டருக்குத்தான் உண்மையான சங்கடம். ஓட்டுநர் என்பது சேவை, உதிரிபாகம் என்பது சரக்கு, இரண்டுக்கும் வரி வேறு வேறு. இரண்டு நாள் சட்டங்களைப் புரட்டிவிட்டு, “துணைப்பொருள்னு போட்டுருங்க, விரிப்பு, மிதியடி மாதிரி” என்றார்.

அப்படியே போட்டாள் பொன்னுரங்கத்தின் மருமகள் கிருத்திகா. பாகங்களைக் கழுவி, வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுத்து, கைபேசிச் செயலியில் ஏற்றி, ஏலம் விடுவது அவள் பொறுப்பு.

இங்கே அந்தத் தெருவின் இரண்டு வழக்கங்களைச் சொல்லிவிட வேண்டும். ஏலம் என்ற சொல் போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கியது என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் இந்த வழக்கங்கள் எந்தக் கப்பலிலும் வந்தவை அல்ல, அந்தத் தெருவிலேயே விளைந்தவை. முதல் வழக்கம், முகம் பார்த்து விற்பதில்லை. நேரில் வாங்கியவன் நேரில் வந்து சண்டை போடுவான், ஜோத்பூர்க்காரன் வரமாட்டான். ஆகவே செயலி வந்த நாளிலிருந்து, அடுத்த கடைக்காரன் கேட்டால்கூட ஒரு போல்ட்டைக் கையில் கொடுக்கமாட்டார்கள். இரண்டாவது வழக்கத்துக்குப் பெயர் துணைக்கை. வெளியாள் ஒருவன் ஒரு பொருளுக்கு விலை சொன்னால் அவனைத் தனியாக நிற்க விடுவது மரியாதையில்லை என்பது தெருவின் எண்ணம். அன்றைய முறைக்காரர் ஏதாவதொரு பொய்ப் பெயரில் அவனுக்குத் துணையாக ஏறுவார், அவன் ஏறினால் இவர் ஏறுவார், இவர் ஏறினால் அவன் ஏறுவான், கடைசி நிமிடத்தில் இவர் கையை எடுத்துவிட வேண்டும். எடுப்பதில்தான் கலை. டயர்க்கடை குப்புசாமி, லூதியானாவில் இருக்கும் பல்தேவ் சிங்காகப் பல வருடம் இருந்து, ஒரு தடவைகூடப் பொருள் தன் தலையில் விழாமல் கையை எடுத்தவர்.

செங்கோடனின் மனைவி பாவாயி வந்தது மறுவாரம். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து, மூன்று ஸ்டேஷன்களில் விசாரித்து, கையில் தூக்குப்போசியில் சோற்றோடு வந்து கேபினுக்குக் கீழே நின்றாள்.

“ஓடிப்போயிட்டீங்கன்னு சொன்னாங்க.”

“எங்கடி ஓடறது, டயரைக் கழட்டிட்டாங்க,” என்றான் செங்கோடன். “என்ன கொண்டாந்த?”

“பருப்பும் கத்தரிக்காயும்.”

“ஊறுகாய் வெக்கலியா?”

அவள் ஏறி உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். பிறகு இறங்கி வந்து பொன்னுரங்கத்தின் முன்னால் நின்றாள்.

“ஏனுங்கண்ணா, வண்டியை அப்படியே குடுத்துருங்க. எங்கூட்டுக்காரரை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும்.”

“வண்டின்னு ஒண்ணு இல்ல அம்மிணி. அதுக்குப் பதிவே அழிச்சாச்சு. உதிரியாத்தான் விக்க முடியும்.”

“அப்ப அவரு உக்காந்திருக்கற சீட்டையாச்சும் குடுங்க. எருமை ரெண்டு வித்த பணம் இருக்குது.”

“இந்தத் தெருவுல கையில குடுக்கறதில்ல அம்மிணி. ஏலத்துல கேளுங்க. உங்களுக்கு வேண்டாம்னு சொல்லலியே.”

கிருத்திகா அவள் கைபேசியில் செயலியை இறக்கிக் கொடுத்தாள். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டதற்குப் பாவாயி என்றாள், என்ன படம் என்றதற்குத் தன் முகத்தைக் காட்டினாள். அந்தத் தெருவில் இருந்துகொண்டு ஏலம் கேட்டவர்களில் சொந்தப் பெயரும் சொந்த முகமும் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு லாரி உதிர ஆரம்பித்தது, லாரியோடு செங்கோடனும். ஹெட்லைட் இரண்டும் ஜோத்பூருக்குப் போய் ஒரு மணல் லாரியில் ஏறிய நாளிலிருந்து அவன் கண்கள் கொட்டகையைப் பார்க்கவில்லை, எதிரே உட்கார்ந்து சோறு பிசைபவளிடம் “ஒட்டகம் குறுக்க வருது, ஒதுங்கு” என்றான், அவளும் சற்று ஒதுங்கி உட்கார்ந்தாள். கியர் கம்பி நாக்பூருக்குப் போயிற்று, இடது கை மடங்கி மடியில் விழுந்து அங்கேயே கிடந்தது. பிரேக் மிதி போன பிறகு வலது கால் நிற்பதையே மறந்து நாளெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. டீசல் டேங்க் கட்டாக்கில் ஒரு சிமென்ட் லாரிக்கு விலைபோனது, அத்தோடு பசி போயிற்று. ஊட்டிய கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று தெரியாதவனாக இருந்தான். பாவாயி அதற்குப் பிறகும் தினம் சோறு கொண்டுவந்தாள், தினம் டீக்கடை நாய் தின்றது, தெருவிலேயே கொழுத்த நாய் என்று அது பெயரெடுத்தது.

சைடு கண்ணாடிகள் ஏலத்துக்கு வந்த அன்று பாவாயி கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போனால் என்ன போகும் என்பது அதற்குள் அவளுக்கே தெரிந்திருந்தது. பின்னால் இருப்பதைக் காட்டுவது அதுதானே.

“கேக்கலியா அக்கா?” என்றாள் கிருத்திகா.

“இதுக்குப் போட்டா சீட்டுக்கு வராது. மறந்தா மறந்துட்டுப் போறாரு. நான் யாருன்னு தெனம் ஒருக்காச் சொல்லிக்கறேன். ஆளு இருந்தாப் போதும்.”

கண்ணாடிகள் குவாஹாட்டிக்குப் போயின. மறுநாள் மதியம் அவள் கேபினில் ஏறியபோது செங்கோடன் முகத்தை அவள் பக்கம் திருப்பி, வெகு பணிவாக, “யாருங்க நீங்க? சாப்பாடு யாருக்குங்க?” என்றான். இருபது வருடக் குடித்தனத்தில் அவளை அவன் ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள்: பெயர், ஊர், கல்யாணம் நடந்த மண்டபம், பிறந்து தங்காத பிள்ளை, விற்ற எருமைகள். அவன் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கதை சொல்வதைக் கேட்பதுபோல் முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்படிங்களா? சந்தோஷமுங்க” என்றான்.

அந்த வாரமே ஹாரன் விற்றது. கோலாப்பூரில் ஒரு சுற்றுலாப் பேருந்துக்காரர் எடுத்தார். அவர் எழுதிய கருத்தைக் கிருத்திகா டீக்கடையில் எல்லோருக்கும் தமிழில் சொன்னாள்: ஓசை பிரமாதம், மலைப்பாதையில் இரண்டு வளைவுக்கு அப்பால் கேட்கிறது, ஆனால் அழுத்தினால் ‘சந்தோஷமுங்க’ என்கிறது, பயணிகளுக்குப் பிடித்திருக்கிறது, ஐந்து நட்சத்திரம். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டகை வாசலில் நின்று பாவாயி கேட்டுக்கொண்டிருந்ததை யாரோ காட்டிய பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

மொட்டைக் கேபினில் மிச்சம் இருந்தது இருக்கை. அதில் ஒரு தலை, ஒரு மார்பு, ஒரு மடி. கை வைத்தால் சூடு இருந்தது, மூச்சும் இருந்தது.

இருக்கை ஏலத்துக்கு முந்தைய மாலை குப்புசாமி டீக்கடையில் எழுந்து நின்றார். “த பாருங்க, நாமளும் பொண்டாட்டி புள்ளைக்காரங்கதான். அந்தப் பொம்பளை கேக்கறதுக்கு விட்டுருவோம். நாளைக்கு எவனும் துணைக்கை வெக்கக்கூடாது.”

“பல்தேவ் சிங்கு என்ன சொல்றாருன்னு லூதியானாவுல கேட்டுக்கோங்க மாமா,” என்றான் ஒருவன்.

“போடா, சிங்கு அப்பவே ஒத்துக்கிட்டாரு.”

எல்லோரும் அவரவர் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். வழக்கம்போல் கல்நெஞ்சோடு இருந்திருந்தால் அந்தச் சத்தியமே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் இரக்கம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வீட்டுக்குப் போன குப்புசாமிக்குத் தூக்கம் வரவில்லை. எருமை விற்ற பணத்தை அவளிடம் வாங்கிக்கொண்டு புருஷனைக் கொடுப்பது என்ன தருமம், நானே கேட்டு எடுத்து அவள் கையில் சும்மா கொடுத்தால் அதல்லவா தருமம் என்று தோன்றியது. அதே எண்ணம், அதே சொற்களில், வெல்டிங்காரருக்கும் தோன்றியது, ரேடியேட்டர் கடைக்காரருக்கும் தோன்றியது, தன் பொருளைத் தானே வாங்க வேண்டிய பொன்னுரங்கத்துக்கும் தோன்றியது, அடுத்த அறையில் இருந்த கிருத்திகாவுக்கும் தோன்றியது. பழைய பொய்ப் பெயர்கள் தெருவுக்கே தெரியும், சத்தியம் வேறு செய்தாயிற்று. ஆகவே ஒவ்வொருவரும் யாருக்கும் தெரியாத புதுப் பெயர் ஒன்றைத் தொடங்கினார்கள். நல்லது செய்வதை வெளியே சொல்லக்கூடாது என்று சிறுவயதில் படித்திருந்தார்கள்.

மறுநாள் ‘ஓட்டுநருடன் கூடிய இருக்கை, பயன்படுத்தியது, நல்ல நிலை’ என்று கிருத்திகா ஏற்றியதும் முதலில் பாவாயி கேட்டாள். அடுத்த நொடியில் நாசிக்கிலிருந்து ஒரு ரகுவீர் கேட்டார். பெல்லாரியிலிருந்து ஓர் அன்னலட்சுமி கேட்டாள். பிறகு ராஜ்கோட், பிறகு விஜயவாடா, பிறகு இந்தூர். ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்து, அடடா, நிஜமான வெளியாட்கள் வந்துவிட்டார்கள் என்று பதறி இன்னும் ஏறினார்கள். பாவாயியின் எருமைகள் நண்பகலுக்கு முன்பே தீர்ந்துபோயின. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேபினில் ஏறி, அவன் மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் போனது தெரியாமலே ஏலம் ஏறிற்று. வெகுநாளாக இந்த வேலையே செய்த விரல்கள் அல்லவா. ஒரு மணிநேரத்தில், எதற்காக ஏற ஆரம்பித்தோம் என்பது விரல்களுக்கு மறந்துபோய், வெளியாளுக்குத் துணை நிற்கிறோம் என்பது மட்டும் நினைவிருந்தது. அவ்வளவு பேர் முட்டிமோதும் பொருள் எதுவோ என்று செயலி அதைத் தன் முகப்பிலேயே எடுத்து வைத்தது. ஹைதராபாத்தில் லாரி மாதிரியே அலங்கரித்த உணவகம் ஒன்றை நடத்துபவர் அதைப் பார்த்து, என்னவென்று படிக்காமலே ஒரு விலை போட்டார்.

கடைசி நிமிடம் வந்தது. வெளியாளின் ஆசை முற்றிவிட்டதை விரல் நுனியில் உணர்ந்த குப்புசாமி, கலை சொல்லும் இடத்தில் கச்சிதமாகக் கையை எடுத்தார். வெல்டிங்காரர் எடுத்தார். ரேடியேட்டர்க்காரர் எடுத்தார். மாமனாரும் மருமகளும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நொடியில் எடுத்தார்கள். கலை தெரியாத ஹைதராபாத்காரர் தலையில் இருக்கை விழுந்தது.

சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் துக்கமாக இருந்தார்கள்.

“எங்கிருந்துதான் வந்தானுகளோ பாவிங்க,” என்றார் குப்புசாமி. “அதுலயும் பெல்லாரிக்காரி ஒருத்தி, பேய் மாதிரி ஏறுனா.”

கிருத்திகா டம்ளரைக் கீழே வைத்தாள். “அது நான்தானுங்க பெரியப்பா.” பிறகு, “நாசிக் ரகுவீர் யாருங்க?” என்றாள். குப்புசாமி டீக்குள் ஏதோ விழுந்ததுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு பெயராக, தெருவுக்குள்ளேயே திரும்பி வந்தது.

பாவாயி கொட்டகையிலிருந்து வந்து பொன்னுரங்கத்திடம், “அவனுக்கு அனுப்பாதீங்கண்ணா,” என்றாள்.

“அனுப்பலைன்னா கணக்கை முடக்கிருவாங்க அம்மிணி. தெருவுக்கே கெட்ட பேரு. நட்சத்திரம் ஒருக்காப் போச்சுன்னா வராது.” அவர் கண்ணில் நீர் இருந்தது. நெஞ்சறிந்து சொல்கிறேன், அது நிஜமான நீர்தான்.

கிருத்திகா குமிழ்த் தாளைச் சுற்றும் முன்பு பாவாயி அவனுக்குத் தலைவாரிவிட்டாள். அவன் கண்கள் பாலைவனத்தில் எதையோ கடந்துகொண்டிருந்தன. ‘உடையும் பொருள்’ என்று ஒட்டி அனுப்பினார்கள். உணவகத்தில் அதைக் கைகழுவும் இடத்துக்கு அருகில் போட்டார்கள், சாப்பிட வந்த பிள்ளைகள் அந்த மடியில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டார்கள், உணவகக்காரர் கூட்ட நேரத்தில் இருக்கை பெருமூச்சு விடுகிறது என்று ஒரு நட்சத்திரம் குறைத்தார்.

தெருவுக்கு மனம் கேட்கவில்லை. பாவாயிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடிப் பேசி, துணைக்கை வைக்கும் வேலையை மாதச் சம்பளத்துக்கு அவளிடமே கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் குப்புசாமியே அவளிடம் சந்தேகம் கேட்கும் நிலை வந்தது. எதிரே ஏறுபவன் வியாபாரியா, தேவைக்காரனா, எந்தப் படியில் மூச்சு வாங்குவான், எந்தப் படியில் வீட்டில் கேட்டுவிட்டு வருவான், எந்தப் படிக்கு மேல் அவனிடம் விற்க எருமை இருக்காது என்பதெல்லாம் அவளுக்கு விரலில் தெரிந்தது. அதற்கு ஒரு படி கீழே கையை எடுப்பாள். ஒருமுறையும் பிசகியதில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு லாரி வந்தது. அதனுள் சடையாண்டி என்ற ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான், டீக்கடையில் ஒரு டீ கூட்டினார்கள். அவன் மனைவி வீரக்காள் வேடசந்தூரிலிருந்து சோற்றோடு வந்தாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, செயலியை இறக்கிக் கொடுத்தது பாவாயிதான்.

“எதை எதையோ கேட்டுக் காசைக் கரைக்காத. சீட்டை மட்டும் கேளு. ஒன்னால எது வரைக்கும் முடியும்னு எங்கிட்டச் சொல்லு, அதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கறேன்.”

வீரக்காள் சொன்னாள், கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோல ஒரு காசு மறைக்காமல். அந்த வாக்கைக் கொடுத்தபோது பாவாயி மெய்யாகத்தான் கொடுத்தாள் என்று தெருவில் இன்றும் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன்.

அதற்குள் சடையாண்டி லாரியின் டீசல் டேங்க் ஒரு பொய்ப் பெயருக்கு விலைபோயிருந்தது. கண்ணாடிகள் இன்னொரு பொய்ப் பெயருக்கு. ஹாரன் மூன்றாவது பெயருக்கு. தெரு அதைக் கவனிக்கவில்லை, துணைக்கை பிசகியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. இருக்கை ஏலத்தன்று வீரக்காள் கேட்டாள், துணைக்கை ஏறியது, அவள் ஏறினாள், கை ஏறியது, அவள் சொல்லியிருந்த கடைசிப் படிக்கு வந்து நின்றாள். எடுக்க வேண்டிய நிமிடம் அதுதான். குப்புசாமி கூடத் தன் கடையில் இருந்தபடி அனிச்சையாக விரலைத் தூக்கினார். பாவாயி கையை எடுக்கவில்லை. ஒரே ஒரு படி மேலே வைத்தாள், வைத்த கையை அப்படியே வைத்திருந்தாள், ஏலம் முடிந்தது.

செலவாகாமல் இருந்த எருமைப் பணத்தையும் அதுவரை வாங்கிய சம்பளத்தையும் பொன்னுரங்கத்தின் மேசையில் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், முகம் பார்த்து விற்பதில்லை என்ற வழக்கம் அவருக்கு நினைவு வந்தது, ஆனால் ஏலம் ஏலம்தான். சடையாண்டியை இருக்கையோடு, டேங்கோடு, கண்ணாடிகளோடு, ஹாரனோடு ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவன் கட்டுக்குள்ளிருந்து, “வீரா, எங்க கூட்டிட்டுப் போறாங்க என்னைய?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தெரு முழுவதும் வாசலில் நின்று பார்த்தது, இதற்கென்று தெருவில் வழக்கம் எதுவும் இல்லை.

பாவாயி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மூடாத தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்த வீரக்காளை அருகில் வரும்படி கூப்பிட்டாள்.

“ஏம்மா, இவரு காரம் திம்பாரா, எப்படி?”

வீரக்காள் பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி சோற்றைப் பற்றியது, அதற்குப் பதினெட்டு வருடமாக அவளிடம் பதில் இருந்தது.

“காரம் ஆகாது,” என்றாள். “தயிர் கொஞ்சம் கூட ஊத்துங்க.”